கொக்கின் கண்ணிலிருந்து புறப்படும் கோடு: ஒஜிப்வே மக்களின் படவெழுத்தும் பண்டைய எழுத்துகளும்

1820ஆம் ஆண்டுக் கோடையில், மிச்சிகன் ஆட்சிப்பகுதியின் ஆளுநர் லூயிஸ் காஸ் தலைமையில் ஒரு பயணக்குழு மிசிசிப்பி ஆற்றின் தோற்றுவாயைத் தேடிப் புறப்பட்டது. சுப்பீரியர் ஏரிக்கு மேற்கே, செயின்ட் லூயிஸ் ஆற்றிலிருந்து சாண்டி ஏரிக்குச் சதுப்புக் காட்டின் ஊடே நடந்து சென்ற அதன் பிரிவொன்றில் பதினாறு பேர் இருந்தனர். அவர்களுள் இருவர் வழிகாட்டிகளாக வந்த, சுப்பீரியர் ஏரியைச் சூழ்ந்த நிலங்களில் வாழும் ஒஜிப்வே என்னும் பழங்குடி இனத்தவர். முகாமைக் கலைத்துக் கிளம்பும்போது அந்த இருவரும் பிர்ச் மரப்பட்டைத் துண்டொன்றில் சில உருவங்களை வரைந்து, அதை ஒரு கழியில் பொருத்தி, கழியைச் சற்றே சாய்த்து நட்டுவிட்டு வந்தனர். பின்னால் அந்த வழியே வரக்கூடிய தம் மக்களுக்கு அவர்கள் விட்டுச்சென்ற செய்தி அது.

பட்டையில் வாளேந்திய ஓர் உருவம் படை அதிகாரியைக் காட்டியது. கையில் நூல் வைத்திருந்தவர் குழுவின் செயலாளர். சுத்தியலோடு நின்றவர் பாறைகளை ஆராய வந்த கனிமவியலாளர். அவர்களுக்கு அருகில் இரண்டு உதவியாளர்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தனர். சற்று விலகி எட்டு உருவங்கள், ஒவ்வொன்றும் துப்பாக்கியுடன்: அவர்கள் படைவீரர்கள். இத்தனை பேர் தலையிலும் தொப்பி இருந்தது. வழிகாட்டிகள் தம்மை வரைந்துகொண்ட இரண்டு உருவங்களில் மட்டும் தொப்பி இல்லை. முகாமில் மூன்று தீ மூட்டப்பட்டதற்கு மூன்று தீக்குறிகள். அங்கே உண்ட உணவுக்கு ஒரு புல்வெளிக் கோழியும் ஓர் ஆமையும். கழி சாய்ந்திருந்த பக்கம் குழு சென்ற திசையைச் சொன்னது; பட்டைக்குக் கீழே கழியில் வெட்டியிருந்த மூன்று வெட்டுகள் பயணத்தின் தொலைவைச் சொல்லின.

யார் வந்தார்கள், எத்தனை பேர், ஆயுதம் உண்டா, எவருடன் எவர் தங்கினர், என்ன உண்டனர், எத்திசையில் எவ்வளவு தூரம் போயினர் என்று காட்டில் பின்தொடர்ந்து வருபவனுக்குத் தேவையான அனைத்தும் அதில் இருந்தன. அதைப் படிக்க ஒஜிப்வே மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்நிலத்தில் வழக்கில் இருந்த மரபுகள் தெரிந்தால் போதும்: தொப்பி என்றால் ஐரோப்பியர், தொப்பியின்மை என்றால் இந்நாட்டு மக்கள். இந்தத் தொப்பி அந்தப் பகுதியின் படங்களில் நிலைபெற்றுவிட்ட குறி. ஒருவரது உருவத்தை உள்ளபடி வரைவது இதன் நோக்கமே அன்று; அவரை இன்னார் என்று இனம்பிரிக்கத் தேவையான ஒற்றை அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பதே நோக்கம். தேர்ந்தெடுத்த அடையாளம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான் அது ஓவியத்திலிருந்து விலகி எழுத்தின் பக்கம் வந்து சேர்கிறது.

அந்தப் பட்டையில் சுத்தியலோடு வரையப்பட்ட மனிதர் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1822இல், அவர் சூ செயின்ட் மேரி ஊரில் அமெரிக்க அரசின் பழங்குடி விவகார முகவராகப் பொறுப்பேற்றார். 1823இல் அவர் மணந்த ஜேன் ஜான்ஸ்டனின் தாய் ஒஜிப்வே. தாய்வழிப் பாட்டனார் வாபோஜீக் என்னும் புகழ்பெற்ற போர்த்தலைவர். ஸ்கூல்கிராஃப்டுக்கு மொழியும் கதைகளும் இந்தக் குடும்பத்தின் வழியாகவே கிட்டின. 1851 முதல் 1857 வரை ஆறு பாகங்களாக வெளிவந்த அவரது பெருந்தொகுப்பின் முதல் பாகத்தில்தான் ஒஜிப்வே படவெழுத்து விரிவாக அச்சேறியது. நாம் இன்று இவ்வளவு அறிந்திருப்பதற்கு அவர் பெரிய காரணம். ஆனால் அதே மனிதர்தான் 1836இல் வாஷிங்டனில் அமெரிக்க அரசின் சார்பில் அமர்ந்து, ஒட்டாவா, ஒஜிப்வே மக்களிடமிருந்து மிச்சிகனின் பரந்த நிலப்பகுதியை எழுதி வாங்கியவர். படங்களைத் திரட்டிய கையும் நிலத்தைத் திரட்டிய கையும் ஒன்றே என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அவர் தந்த விளக்கங்களை அணுக வேண்டும்.

ஸ்கூல்கிராஃப்ட் இப்படவெழுத்தை இரண்டாகப் பிரித்தார். முதலாவது வகைக்கு அவர் பதிவுசெய்த பெயர் கெக்கீவின். மக்கள் அனைவரும் அறிந்த குறிகள் இவை: வழிச்செய்திகள், வேட்டைக் கணக்குகள், கல்லறைத் தூண்கள், குலக்குறிகள். இரண்டாவது வகை கெக்கீனோவின். மிதேவிவின் என்னும் மருத்துவ, சமயச் சங்கத்தின் குருமார்களும் வருவதுரைப்போரும் பயன்படுத்தியவை. பயின்றவர்களுக்கு மட்டுமே பொருள் தருபவை. இந்தப் பிரிவினை நடைமுறையில் இவ்வளவு கறாராக இருந்திருக்கும் என்று நான் கருதவில்லை. ஆயினும் இது ஓர் அடிப்படை உண்மையைத் தொட்டுக்காட்டுகிறது: ஒரே மக்கள், ஒரே மரப்பட்டையில், எவரும் படிக்க வேண்டிய செய்தியையும் எவரும் எளிதில் படித்துவிடக் கூடாத செய்தியையும் எழுதினர்.

எழுதுபொருளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வட அமெரிக்க வெண்பிர்ச் மரம், காஷ்மீரத்தில் ஏடெழுதப் பயன்பட்ட பூர்ஜ மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. இதன் பட்டையைத் தாள்போல உரித்தெடுக்கலாம். எண்ணெய்ப் பசை உள்ளதால் எளிதில் மட்காது. ஓரங்களில் துளையிட்டு மரநாரால் தைத்து நீட்டிக்கொண்டே போகலாம். எலும்பு அல்லது உலோக முனையால் பட்டையின் உட்புறத்தில் கீறினால் கோடு கருத்து நிற்கும். படகும் குடிசையும் பாத்திரமும் இதே பட்டையால் ஆனவை என்பதால் எழுதுபொருளுக்குத் தட்டுப்பாடு இருந்ததே இல்லை.

பொது வகைக்கு வாபோஜீக்கின் நினைவுத் தூணே நல்ல சான்று. 1793இல் அவர் இறந்தபின் நடப்பட்ட அந்த மரப்பலகையில் அவருடைய குலக்குறியான கரிபூ மான் தலைகீழாக வரையப்பட்டிருந்தது. குலக்குறி தலைகீழாக நின்றால் அக்குலத்தவர் இறந்தார் என்பது பொருள். இடப்பக்கத்துக் கோடுகள் ஏழு, அவர் தலைமை தாங்கிய போர்ப் பயணங்கள் ஏழு. மானுக்குக் கீழே நின்ற மூன்று கோடுகள், போரில் பட்ட மூன்று காயங்கள். கொம்புள்ள ஒரு தலை, வெகுண்டு பாய்ந்த மூஸ் என்னும் பெரிய காட்டு மானோடு அவர் நேருக்கு நேர் பொருதிய நிகழ்ச்சி. தமிழ்நாட்டின் நடுகற்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சுருக்கம் அந்நியமாகத் தோன்றாது. பலகையில் வாபோஜீக் என்ற பெயர் ஒலிவடிவில் எங்கும் இல்லை. குலமும் செயலும் சொல்லப்பட்டுவிட்டன. அவர் யார் என்பதை ஊர் அறியும்.

காலக்கணக்கும் இவ்வாறே எழுதப்பட்டது. ஒஜிப்வே தாய்க்குப் பிறந்து தம் மக்களின் வரலாற்றை எழுதிய வில்லியம் வாரன், 1842இல் சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் உள்ள லா பாயின்ட் ஊரில் கொக்குக் குலத்தின் மூத்த தலைவரிடம் ஒரு வட்டமான செப்புத் தகட்டைக் கண்டார். அத்தலைவர் அதை மண்ணில் புதைத்துக் காத்துவந்தார். அரிதாகவே வெளியே எடுப்பார். தகட்டில் எட்டு ஆழமான வடுக்கள் இருந்தன. அந்த ஏரிக்கரையில் குலத்தின் முதல் தீ மூட்டப்பட்ட நாள் தொட்டு மறைந்த முன்னோர்களின் எண்ணிக்கை அது. மூன்றாவது வடுவுக்கு எதிரே ஒரு மனித உருவம், தலையில் தொப்பியுடன்: வெள்ளையர் முதன்முதலில் வந்தது அந்தத் தலைமுறையில். நூற்றாண்டுகளின் வரலாற்றில் ஒரே ஒரு நிகழ்ச்சியைக் குறிக்க இடம் ஒதுக்கிய அந்தக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பாருங்கள். மேற்கே சமவெளியில் வாழ்ந்த டகோட்டா மக்கள் இதே கணக்கை ஆண்டுக்கு ஒரு படமாக எருமைத்தோலில் சுழல் வடிவில் வரைந்தனர். லோன் டாக் என்பவர் காத்த அத்தகைய பதிவு 1800ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தொடங்கி 1871 வரை செல்கிறது. அம்மைநோய் பரவிய ஆண்டுக்கு உடலெங்கும் புள்ளிகள் கொண்ட ஒரு மனிதன்; 1833 நவம்பரில் வானெங்கும் எரிகற்கள் பொழிந்த ஆண்டுக்கு விழும் விண்மீன்கள். வானியல் நூல்கள் குறிக்கும் அதே எரிகல் பொழிவுதான் அது.

குலக்குறிகள் கையெழுத்தாகவும் செல்லுபடியாயின. 1701இல் பிரெஞ்சு ஆளுநரும் ஏறத்தாழ நாற்பது பழங்குடி நாடுகளும் மான்ட்ரியலில் செய்துகொண்ட பெரும் சமாதான உடன்படிக்கையின் அடியில் விலங்குகளும் பறவைகளும் வரிசையாக நிற்கின்றன. சூ செயின்ட் மேரிப் பகுதி ஒஜிப்வே மக்களுக்காக ஒரு கொக்கு. ஒன்றுக்கொன்று புரியாத மொழிகளைப் பேசிய நாடுகள் ஒரே தாளில் ஒப்பமிட்டபோது மொழியைச் சாராத குறிதான் எல்லோருக்கும் பொதுவாக இருக்க முடிந்தது.

இனி, மறைபொருள் கொண்ட சுருள்களைப் பார்ப்போம். மிதேவிவின் சங்கத்தில் நான்கு முதன்மைப் படிநிலைகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் நீண்ட பயிற்சியும் காணிக்கையும் தீட்சைச் சடங்கும் தேவை. 1880களின் இறுதியில் மின்னசோட்டாவின் ரெட் லேக், ஒயிட் எர்த் பகுதிகளில் ஆய்வு செய்த வால்ட்டர் ஹாஃப்மன் 1891இல் வெளியிட்ட அறிக்கையில் பல சுருள்களின் படிகள் உள்ளன. ரெட் லேக் சுருள் ஏழடிக்கும் மேல் நீளம். ஐந்து பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. அதில் நான்கு நீள்சதுரங்கள் வரிசையாக வரையப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு படிநிலையின் சடங்குக் கூடம். கூடத்தின் உள்ளே நடப்பட வேண்டிய கம்பங்கள், அமர்ந்திருக்கும் குருமார், வாயிலைக் காத்து நிற்கும் கரடி, மருந்தின் மறைபொருளைக் கொண்டுவந்த நீர்நாய், தீட்சை பெறுபவர் நடக்க வேண்டிய பாதை ஆகியவை ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டுள்ளன. ஒருவகையில் இது கட்டட வரைபடம். இன்னொரு வகையில் சடங்கின் நிரல். வேறொரு வகையில் உலகம் தோன்றிய கதை. வேறு சில சுருள்கள், மீகிஸ் என்னும் புனிதச் சோழியைப் பின்பற்றி ஒஜிப்வே மக்கள் கீழைக் கடலோரத்திலிருந்து சுப்பீரியர் ஏரிவரை வந்த நெடும் பயணத்தை ஏரிகளும் ஆறுகளுமாக வரைந்து காட்டுகின்றன.

பாட்டுச் சுருள்கள் இன்னும் நுட்பமானவை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம். பாட்டின் மையக் கருத்து அதில் இருக்கும். வாயிலிருந்து புறப்படும் கோடு பேச்சு அல்லது பாட்டு. காதை நோக்கி வரும் கோடு கேட்டல். தலையிலிருந்து எழும் நெளிகோடுகள் ஆற்றல் அல்லது அறிவு. வளைகோடு வானம். படங்களுக்கு இடையே செங்குத்தாக ஒரு கோடு நின்றால் பாடகர் அங்கே நிறுத்த வேண்டும். சொற்களின் வரிசையோ பண்ணோ படத்தில் இல்லை. அவை பாடகரின் நினைவில் உள்ளன. படம் அவற்றை அழைத்து வருகிறது. அதனால் இவை வெறும் நினைவுக்குறிகள்தாம், விரலில் கட்டிய நூலைப் போன்றவை என்று சிலர் எளிதாகக் கடந்துவிடுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு இம்மக்களிடையே பணியாற்றி, 1910இலும் 1913இலும் தம் ஆய்வுகளை வெளியிட்ட ஃபிரான்சிஸ் டென்ஸ்மோர் கண்டது வேறு. மிதே எனப்படும் மிதேவிவின் சங்க உறுப்பினர் ஒருவர் பாடி வரைந்து கொடுத்த படத்தை, அச்சங்கத்தைச் சேர்ந்த வேறொருவர் பார்த்து அதே பாட்டை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. விரலில் கட்டிய நூல் கட்டியவருக்கு மட்டுமே பொருள் தரும். இங்கோ குறி இருவருக்கும் பொது. இருவரும் ஒரே கல்வியைப் பெற்றவர்கள். ஒரு சமூகம் கூடி ஒப்புக்கொண்ட குறிகளின் தொகுதியை வேறென்னவென்று அழைப்பது?

படத்தில் எல்லாவற்றையும் எழுதாமல் விட்டதைக் குறைபாடாகக் காண்பவர்கள், அச்சுருள்கள் எதற்காக உண்டாயின என்று கேட்பதில்லை. மருந்தும் மந்திரமும் ஆசானிடமிருந்து மாணவனுக்கு நேரில் செல்ல வேண்டியவை. பட்டையைக் கையில் வைத்திருப்பவன் எல்லாம் குருவாகிவிடக் கூடாது. ஆசான் வாய்திறந்து சொன்னால் மட்டுமே சுருள் முழுமையாகும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. மாணவன் ஆசானின் சுருளைப் பார்த்துத் தனக்கொரு படி எடுத்துக்கொள்வான். அந்தப் படியில் உரைக்கு இடமில்லை, ஏனெனில் உரை அவன் பெற்ற கல்வியில் இருக்கிறது.

பண்டைய உலகின் புகழ்பெற்ற எழுத்துகளும் படங்களிலிருந்தே புறப்பட்டன. ஆனால் அவை வேறொரு திருப்பத்தில் திரும்பின. மெசபொத்தேமியாவின் உருக் நகரில் கி.மு. 3300 அளவில் தோன்றிய களிமண் பலகைகளில் பெரும்பகுதி கணக்குகள்: தானியம், ஆடு, பீர், கூலி. படமும் எண்ணும் இருந்தால் கணக்கு எழுதிவிடலாம். ஆனால் படமாக வரைய முடியாத சொல்லையும், பொருள் விளங்காத ஆள்பெயரையும் எழுத வேண்டி வரும்போது படம் கைவிடுகிறது. அப்போது வரைய முடிந்த ஒன்றின் ஒலியைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. சுமேரிய மொழியில் அம்புக்கும் உயிருக்கும் ஒலி ஒன்றே. எனவே அம்பை வரைந்து உயிர் என்று படித்தனர். எகிப்தில் கி.மு. 3100 அளவில் ஆண்ட மன்னன் நார்மெர் பெயர், நர் என்னும் ஒலிக்குக் கெளுத்தி மீனும் மெர் என்னும் ஒலிக்கு உளியும் சேர்த்து எழுதப்பட்டது. அந்த மன்னனுக்கும் மீனுக்கும் தொடர்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. சிந்துவெளி முத்திரைகளின் மீன் குறியை மீன், விண்மீன் என்ற இருபொருளால் விளக்கலாம் என்று ஈராஸ் பாதிரியார் முதலில் முன்மொழிந்து, அஸ்கோ பர்ப்போலா விரித்துரைத்த கருத்தும் இதே வழிமுறையைச் சார்ந்ததுதான். சராசரி ஐந்து குறிகளே உள்ள அந்தச் சிறு வாசகங்கள் இன்னும் உறுதியாகப் படிக்கப்படாததால் அது கருதுகோளாகவே நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று மெக்சிகோவிலிருந்து வருகிறது. அஸ்டெக் ஓவியர்களும் ஒஜிப்வே மக்களைப் போலவே பேச்சை வாயிலிருந்து எழும் ஒரு குறியால் காட்டினர். அவர்களிடம் அது சுருண்ட புகைபோல இருக்கும், பாட்டானால் அதில் மலர்கள் பூத்திருக்கும். குவாவ்நாவக் என்ற ஊர்ப்பெயரை எழுதும்போது அவர்கள் ஒரு மரத்தை வரைந்து, மரத்துக்கு ஒரு வாயை வைத்து, அதன் முன்னே பேச்சுச் சுருளை வரைந்தனர். மரங்களுக்கு அருகில் என்பது ஊர்ப்பெயரின் பொருள். அருகில் என்பதை வரைய முடியாது. ஆனால் அந்த ஒட்டின் ஒலி, தெளிந்த பேச்சைக் குறிக்கும் சொல்லின் ஒலியோடு ஒத்தது. எனவே பேச்சுச் சுருள் பேச்சு என்ற பொருளைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஒலியாக வேலை செய்கிறது. ஒஜிப்வே பட்டையில் வாயிலிருந்து புறப்படும் கோடு இப்படித் தன் பொருளைக் கழற்றி வைத்ததே இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு அறிவுக் குறைவைக் காரணமாக்கிய காலம் ஒன்று இருந்தது. 1877இல் அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன், மனித குலம் காட்டாண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று படியேறுவதாக வகுத்து, ஒலியெழுத்தே நாகரிகத்தின் வாயில் என்றார். அந்தக் கணக்கில் படவெழுத்து, ஏறிமுடிக்காத ஒரு படி. ஆனால் உருக்கிலும் எகிப்திலும் அஸ்டெக் தலைநகரிலும் வரி வசூலித்த அரசு இருந்தது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் பெயரையும் ஊரையும் பட்டியலிட வேண்டிய தேவை இருந்தது. ஒஜிப்வே மக்களுக்கு அத்தகைய அரசு இல்லை. ஒருவரை அறிய அவருடைய குலம் தெரிந்தால் போதும். குலத்தை வரைய ஒலி தேவையில்லை. தேவை இல்லாத இடத்தில் ஒரு கருவி தோன்றாததைத் தோல்வி என்று எண்ணுவது தவறான அளவுகோல்.

இதற்கு இன்னும் வலுவான சான்று, இரண்டு முறைகளும் பக்கம் பக்கமாக வாழ்ந்ததே. ஒஜிப்வே மொழியோடு பல ஆண்டுகள் பழகிய ஜேம்ஸ் எவன்ஸ் என்னும் பாதிரியார் 1840இல் நார்வே ஹவுஸ் ஊரில் உருவாக்கிய அசையெழுத்து, கிரீ மக்களிடமும் வடக்கத்திய ஒஜிப்வே மக்களிடமும் விரைவில் பரவியது. அதன் பின்னரும் மிதே சுருள்கள் வரையப்பட்டன, படியெடுக்கப்பட்டன. ஒண்டாரியோவின் ஷோல் லேக் பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் ரெட்ஸ்கை முதல் உலகப் போரில் கனடியப் படையில் போரிட்டவர், பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையின் மூப்பர், ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவர். அவரே சுருள்களைப் படித்து விளக்கவல்ல மிதே ஆசானும்கூட. 1975இல் தெற்கத்திய ஒஜிப்வே சுருள்களைப் பற்றிப் பெரும் ஆய்வை வெளியிட்ட செல்வின் டூட்னிக்கு வழிகாட்டியவர் அவர்தான். ரோமன் எழுத்தை நன்றாக அறிந்த ஒருவர், பட்டைச்சுருளை அதற்குரிய வேலைக்காகத் தொடர்ந்து காத்தார்.

இக்குறிகளை நம்பலாமா என்ற ஐயத்துக்கு அகவா பாறை விடை தருகிறது. ஷிங்குவாக் என்ற ஒஜிப்வே தலைவர், சுப்பீரியர் ஏரியின் வடகிழக்குக் கரையில் ஒரு செங்குத்துப் பாறையில் உள்ள ஓவியங்களை நினைவிலிருந்து பட்டையில் வரைந்து ஸ்கூல்கிராஃப்டுக்கு விளக்கினார். ஸ்கூல்கிராஃப்ட் அந்த இடத்துக்குச் சென்றதில்லை. மியீங்குன் என்ற தலைவர் ஐந்து படகுகளில் ஐம்பத்தொரு பேருடன் ஏரியைக் கடந்த கதை அது. முதல் படகின் தலைவர் மீன்கொத்தியால் குறிக்கப்பட்டார். மூன்று வானவளைவுகளின் கீழ் மூன்று சூரியன்கள், கடக்க மூன்று நாள் ஆனதற்கு. ஆமை, கரை சேர்ந்ததற்கு. நூறாண்டுகளுக்கும் மேலாக அறிஞர் உலகம் அந்தப் பாறையை அறியாமலே இருந்தது. ஒண்டாரியோவில் பாறை ஓவியங்களைத் தேடி அலைந்த டூட்னி 1958இல் அதைக் கண்டுபிடித்தார். ஏரியலை மோதும் அந்தப் பாறைமுகத்தில், செங்காவியில், படகும் குதிரைமேல் ஏறிய மனிதனும் கொம்பு முளைத்த நீர்ச்சிறுத்தையான மிஷிபெஷுவும் இருந்தன.

இந்த எழுத்துக்கு வரலாற்றில் நேர்ந்த மிகப் பெரிய சோதனை 1849இல் வந்தது. 1842இல் லா பாயின்ட் ஊரில் செய்த உடன்படிக்கையில் விஸ்கான்சினின் வடபகுதியையும் மிச்சிகனின் மேல் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியையும் சேர்ந்த நிலங்களை விட்டுக்கொடுத்திருந்த ஒஜிப்வே மக்கள், தம்மை மிசிசிப்பிக்கு மேற்கே அப்புறப்படுத்தப் போகிறார்கள் என்றறிந்து கலங்கினர். ஓஷ்கபாவிஸ் என்ற தலைவரோடு ஒரு தூதுக்குழு வாஷிங்டனுக்குச் சென்றது. அவர்கள் பிர்ச் பட்டையில் வரைந்த விண்ணப்பத்தைக் கொண்டுசென்றனர். அதன் முதன்மையான படத்தில் ஏழு உயிர்கள் வரிசையாக வலப்பக்கம் நோக்கிச் செல்கின்றன. முன்னே கொக்கு: ஓஷ்கபாவிஸின் குலம். பின்னே மரங்களில் வாழும் மார்ட்டன் என்னும் சிறு விலங்குகள் மூன்று, ஒரு கரடி, பாதி மனிதனும் பாதி மீனுமான ஓர் உருவம், ஒரு கெளுத்தி. ஒவ்வொன்றின் கண்ணிலிருந்தும் ஒரு கோடு கொக்கின் கண்ணுக்குச் செல்கிறது. ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்தும் ஒரு கோடு கொக்கின் நெஞ்சுக்குச் செல்கிறது. எல்லோரும் ஒன்றையே பார்க்கிறோம், எல்லோருடைய நெஞ்சும் ஒன்றையே கேட்கிறது. கொக்கின் கண்ணிலிருந்து ஒரு கோடு முன்னோக்கி, குடியரசுத் தலைவர் இருக்கும் திசையில் நீள்கிறது. இன்னொரு கோடு பின்னோக்கி வளைந்து, சுப்பீரியர் ஏரிக்கு அருகே உள்ள சிறிய ஏரிகளின் கூட்டத்தைத் தொடுகிறது. காட்டு நெல் விளையும் ஏரிகள் அவை. அங்கே வாழ விடுங்கள் என்பதே கோரிக்கை.

இதைவிடச் செறிவாக இதே செய்தியை ஒரு பக்க உரைநடையில் எழுதிவிட முடியுமா என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். தூதர்கள் தம்மை மனிதர்களாக வரைந்துகொள்ளவில்லை. அவர்கள் தனியாள்களாக வரவில்லை, குலங்களாக வந்திருந்தார்கள்; எனவே குலக்குறிகளே பேசின. தொடர்பு, உடன்பாடு, வேண்டுகோள், வேண்டும் பொருள் ஆகிய நான்கையும் கோடு என்ற ஒரே கருவி சுமந்தது. தலைநகரில் இருந்தவர்கள் அதை ஒரு வியப்பான கலைப்பொருளாகவே கண்டனர். ஸ்கூல்கிராஃப்ட் அதைப் படியெடுக்கச் செய்து, சேத் ஈஸ்ட்மன் என்ற ஓவியரின் கைவண்ணத்தில் தம் தொகுப்பில் அச்சிட்டார்.

1850 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் டெய்லர் அப்புறப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். அந்த ஆண்டு உடன்படிக்கைத் தொகையையும் பொருள்களையும் லா பாயின்டில் தராமல், தொலைவில் உள்ள மின்னசோட்டாவின் சாண்டி ஏரிக்கு வந்து பெறும்படி அதிகாரிகள் அழைத்தனர். ஆயிரக்கணக்கானோர் சென்று காத்திருந்தனர். பணம் வரவில்லை, வந்த உணவு கெட்டுப்போயிருந்தது, குளிர்காலம் தொடங்கிவிட்டது. பசியாலும் நோயாலும் அங்கும், திரும்பும் வழியிலும் ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். 1852இல், தொண்ணூறு வயதைக் கடந்திருந்த லா பாயின்ட் ஒஜிப்வே தலைவர் பஃபலோ வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் ஃபில்மோரைச் சந்தித்தபின் ஆணை கைவிடப்பட்டது. 1854இல் லா பாயின்டில் கையெழுத்தான உடன்படிக்கை, பேட் ரிவர், ரெட் கிளிஃப், லாக் டு ஃப்ளாம்போ, லாக் கூர்ட் ஓரெய்ல் ஆகிய இடங்களில் அவர்களுக்கு நிலையான குடியிருப்புகளை அவர்கள் மண்ணிலேயே ஒதுக்கியது. விட்டுக்கொடுத்த நிலங்களில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் விளைபொருள் சேகரிக்கவும் அவர்களுக்கு உள்ள உரிமை இன்றும் உயிரோடிருப்பதாகக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. ஏரிகளில் விளையும் காட்டு நெல்லைத் திரட்டுவதும் அந்த உரிமையில் அடங்கும்.